அம்மா, அப்பாவுக்கும் வகுப்பறையில் ஓர் இடம்!

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பள்ளி கேட் வரை வரும் பெற்றோரை உள்ளே அழைத்தால் என்ன நடக்கும்? அதற்கான விடை சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது.

காலை எட்டரை மணி ஆஸ்டின் டவுனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விவேக் நகர் பக்கமிருந்து ஓர் ஆட்டோ, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள், வெளியே தொங்கும் புத்தகப் பைகள். நீலசந்திரா பக்கமிருந்து ஸ்கூட்டரில் ஓர் அப்பா, முன்னால் நின்றபடி தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்னப் பெண். “வாட்டர் பாட்டில் எடுத்தியா? டைரியில கையெழுத்து வாங்கினியா?” என்று தமிழில் கேள்விகள். கேட்டில் நிற்கும் காவலரிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘பை’. அடுத்த நிமிடம் கேட் மூடுகிறது, பெற்றோர் வேலைக்கு ஓடுகிறார்கள்.

பெரும்பாலான பெற்றோருக்குப் பள்ளியோடு உள்ள உறவு அந்தக் கேட்டோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஃபீஸ் கட்டுவதும், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் போய் நிற்பதும்தான். அந்தக் கூட்டத்திலும் பேச்செல்லாம் மதிப்பெண் பற்றியதுதான். “கணக்குல வீக்”, “ரொம்பப் பேசறான்”, “வீட்டுல உட்கார வெச்சுப் படிக்க வைங்க.” கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வெளியே வரும் அம்மாவிடம், அவருக்கு என்ன தெரியும், வீட்டில் பிள்ளை எதை விரும்பிச் செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டு, படம், கதை, விளையாட்டு, கைவேலை வழியாகக் கற்க வேண்டும் என்று கல்வித் துறையில் எல்லோரும் பேசுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு, செயல்பாடுகள் மூலமும் தேடிக் கண்டுபிடிப்பதன் மூலமும் கற்றல் நடக்க வேண்டும், பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள். நடைமுறையில் முதலாவது ஆசிரியர் பயிற்சி முகாமுக்கும், இரண்டாவது மினிட்ஸ் புத்தகத்துக்கும் பிரிந்து போய்விட்டன. இரண்டும் சேர்ந்த இடங்களில்தான் மாற்றம் நிலைத்திருக்கிறது.

மாடியில் 165 பிள்ளைகள்

ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டரில், கோரமங்களாவை ஒட்டி ராஜேந்திரா நகர் குடிசைப் பகுதி இருக்கிறது. 2003-ல் அங்கே பாதி கட்டி முடித்த இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு பள்ளி தொடங்கியது. தனியார் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஷுக்லா போஸ் அதை விட்டுவிட்டு ஆரம்பித்த பரிக்ரமா அறக்கட்டளையின் முதல் பள்ளி அது. வகுப்பு நடந்தது மாடியில். பாதி இடத்துக்குத்தான் தகரக் கூரை. சேர்ந்தவர்கள் 165 பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் மழையும் கூடவே வந்துவிடும். மழை விடும்வரை அத்தனை பேரும் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒண்டி நிற்பார்கள்.

2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா கருத்தரங்க மேடையில் ஷுக்லா போஸ் அந்த ஆறு ஆண்டுக் கதையைச் சொன்னார். அப்போது நான்கு பள்ளிகளும் ஒரு ஜூனியர் கல்லூரியும் ஆகியிருந்தன. 28 குடிசைப் பகுதிகளிலிருந்தும் நான்கு ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்தும் 1,100 பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உரையில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது வேறொரு செய்தி. ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்பது பொதுவான நினைப்பு. ஆனால் பரிக்ரமாவின் பெற்றோர் கூட்டங்களுக்கு 80 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள், சில சமயம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்கள், பிறகு கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே.

பிறகு சில அம்மாக்கள் பள்ளிக்கு வந்து, எங்களுக்கும் எழுதப் படிக்கச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டார்கள். பள்ளி விட்ட பிறகு அவர்களுக்கென்று வகுப்பு தொடங்கியது. 25 அம்மாக்கள் தவறாமல் வந்தார்கள். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்த் திரும்பிய களைப்போடு, பிள்ளை உட்கார்ந்த இடத்தில் அம்மா உட்கார்ந்து எழுதினார். பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று முடிவுகட்டிவிட்ட எந்தப் பள்ளியிலும் இது நடந்திருக்காது.

எச்.டி. கோட்டையில் தொடங்கியது

கர்நாடக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ‘நலி கலி’ என்ற கற்றல் முறை நடக்கும் வகுப்பறையைப் பார்த்தவர்கள் முதலில் கவனிப்பது தலைக்கு மேலே உள்ளதைத்தான். அறைக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளில் பிள்ளைகள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் தொங்கும். சுவரின் கீழ்ப்பகுதியில், ஆறு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்து வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்து வந்து தன் குழுவில் உட்காரும். ஆசிரியர் முழுவதுமாக உதவும் குழு ஒன்று, தோழர்கள் உதவும் குழு ஒன்று, தானாகவே செய்யும் குழு ஒன்று என்று பிரிவுகள். ஒரு வாரம் காய்ச்சலில் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

இந்த முறை 1995-ல் மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டை வட்டத்தில், யுனிசெஃப் உதவியோடு தொடங்கியது. அந்த ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷி வேலி கல்வி மையத்துக்குப் போய், அங்கே சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த பல வகுப்புக் கற்பித்தலைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் ஊருக்கு ஏற்றபடி அட்டைகளை எழுதினார்கள். 2009-ல் அது கர்நாடகம் முழுவதும் பரவியது. அதே ரிஷி வேலியைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் போனது.

இந்தப் பகுதிக்கு இப்படிச் செய்து கற்பது புதிதும் இல்லை. கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-ல் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிறு பள்ளியைத் தொடங்கி, தச்சும் மண்வேலையும் இசையும் பாடங்களோடு கலந்த படிப்பைக் காட்டினார். பெங்களூருக்கு வடக்கே சில்வேபுராவில் ஜேன் சாஹி 1975-ல் தொடங்கிய சீதா பள்ளி, ஓவியத்தையும் கதையையும் மொழிப்பாடத்தின் வாசலாக்கியது.

“நோட்டு எங்கே?”

கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இந்த அட்டைவழிக் கற்றலுக்கு வீட்டிலிருந்தே எதிர்ப்பு வந்தது. பிள்ளை நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வரவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, புத்தகத்தில் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அட்டை வைத்து விளையாடுகிறார்களே, இது பாலர் பள்ளியா என்று கேட்டார்கள். சந்தேகப்பட்ட பெற்றோரில் சிலர் பிள்ளையைப் பக்கத்து ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள்.

அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. தான் படித்த பள்ளியில் பார்த்த படிப்பைத்தான் யாரும் படிப்பு என்று நினைப்பார்கள். புதிய முறையை வகுப்பறையில் வந்து பார்க்க, அட்டையைக் கையில் எடுத்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த பள்ளிகள் குறைவு. ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகள் தொடக்கத்திலேயே இதைச் செய்தன. அங்கே அம்மாக்கள் குழு உண்டு, ஊர்க்கதைகளை அவர்கள் வந்து சொல்வார்கள். ‘மெட்ரிக் மேளா’ என்று ஒரு நாள் பிள்ளைகள் கடை போட்டு, நிறுத்து, அளந்து, கணக்குச் சொல்ல, ஊரே வந்து வாங்கும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

கர்நாடக அரசு 2023-ல் நடத்திய ‘கலிகா ஹப்பா’ என்ற கற்றல் திருவிழாவிலும் இந்த எண்ணம் இருந்தது. ஆடலும் பாடலும் ஒரு மூலையில், காகிதமும் கத்தரியும் ஒரு மூலையில், செய்து பார்க்கும் அறிவியல் ஒரு மூலையில். நான்காவது மூலையின் வேலை ஊரைத் தெரிந்துகொள்வது. பிள்ளைகள் ஊருக்குள் போய் கடைக்காரரையும் பெரியவர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். 2025 தொடக்கத்தில் நடந்த கலிகா ஹப்பாவில், உரக்க வாசித்தல், கதை சொல்லுதல், மகிழ்ச்சிக் கணக்கு ஆகியவற்றோடு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் பகுதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. எப்போதாவது நடக்கும் இதை மாதத்தில் ஒரு நாளாக்கினால் போதும், பாதி வழி கடந்தாயிற்று.

அம்மா செய்யும் ப்ராஜெக்ட்

தனியார் பள்ளிகளில் வேறொரு சிக்கல். “சூரியக் குடும்பம் மாடல் செய்து வா” என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தெர்மாகோல் வாங்க அப்பா ஓடுகிறார். பதினொரு மணிவரை அம்மா வெட்டி ஒட்டுகிறார். பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் அது வகுப்பில் காட்சிக்கு வைக்கப்படுகிறது, மிக அழகான மாடலுக்குப் பரிசும் கிடைக்கிறது. இதில் படைப்பாற்றலும் இல்லை, பெற்றோர் பங்கேற்பும் இல்லை. பிள்ளை கோணலாக வெட்டிய வட்டத்தைத்தான் ஆசிரியர் பார்க்க வேண்டும். சனி கிரகத்துக்கு வளையம் ஏன் நிற்கவில்லை என்று அது தவித்த தவிப்பில்தான் படிப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைப் பிடுங்காமல் இருப்பதே அம்மா செய்யக்கூடிய பெரிய உதவி.

பெற்றோர் பங்கேற்பு பிள்ளையின் கற்றலை உயர்த்துமா என்று ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். வங்கதேசத்துத் தொடக்கப் பள்ளிகளில் மாதம் ஒருமுறை ஆசிரியரும் பெற்றோரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்து, இரண்டு ஆண்டுகள் கவனித்தார் பொருளாதார அறிஞர் ஆசாத் இஸ்லாம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. பீகாரிலும் ராஜஸ்தானிலும் ‘பிரதம்’ அமைப்பு, அம்மாக்களுக்கு எழுத்தறிவு வகுப்பும், வீட்டில் பிள்ளையோடு செய்யும் எளிய பயிற்சிகளும் நடத்தியது. 2017-ல் வெளியான அதன் மதிப்பீட்டில் அம்மாக்களின் கற்றலும் முன்னேறியது, பிள்ளைகளின் கணக்கும் ஓரளவு முன்னேறியது. முன்னேற்றம் சிறியதுதான்.

இன்னொரு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்வி நிலை குறித்த அசர் 2024 அறிக்கையின்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறார்கள். 2022-ல் இருந்த 16.3 சதவீதத்தைவிட இது முன்னேற்றம். என்றாலும் நான்கில் மூன்று பிள்ளைகள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள். பள்ளி மட்டும் தனியாக இழுத்துக் கரைசேர்க்கும் வேலை இல்லை இது.

டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

உலகம் முழுவதும் மழலையர் கல்வியில் படைப்பாற்றல் என்றால் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்தைச் சொல்வார்கள். அதன் தொடக்கம் பெற்றோர் கையில் இருந்தது. 1945-ல் போர் முடிந்த சில நாள்களில், பக்கத்து வில்லா செல்லா கிராமத்து மக்கள், ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் பள்ளி கட்ட இறங்கினார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் வந்து பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸி அந்த முயற்சியோடு இணைந்துகொண்டார். 1963-ல் நகராட்சியே அத்தகைய பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. படம், களிமண், நிழல், நாடகம் எல்லாம் பிள்ளைகள் பேசும் மொழிகள் என்று மலகுஸி சொன்னதைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. செங்கல் சுமந்த அம்மா அப்பாக்கள்தான் அந்தப் பள்ளியின் முதல் நிர்வாகிகள் என்பதைப் பல பள்ளிகள் விட்டுவிட்டன.

ஆட்டோ மீட்டரும் பூ முழமும்

ஆஸ்டின் டவுனில் விற்க டாங்கி இல்லை. ஆனால் பெற்றோரின் கையில் இருக்கும் தொழில் ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

ஆட்டோ ஓட்டும் அப்பாவை மூன்றாம் வகுப்புக்கு ஒரு நாள் அழைத்தால் என்ன நடக்கும்? 2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரில் முதல் 2 கிலோமீட்டருக்குக் கட்டணம் 36 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். ஐந்து கிலோமீட்டருக்கு எவ்வளவு? 36-உடன் மூன்று பதினெட்டு, மொத்தம் 90. இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. அப்படியானால் 135. கூட்டல், பெருக்கல், பின்னம் மூன்றும் ஒரே சவாரியில் வந்துவிடுகின்றன. பிறகு பிள்ளைகளே கேள்வி போடட்டும்: 180 ரூபாய் வாங்கினால் பகலில் எத்தனை கிலோமீட்டர் போயிருப்பார்?

பூ விற்கும் பாட்டி வரட்டும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அவர் மல்லிகைச் சரத்தை அளந்து காட்டட்டும். அடுத்து ஒவ்வொரு பிள்ளையும் தன் முழத்தால் அதே சரத்தை அளக்கட்டும். பாட்டிக்கு நான்கு முழம் வந்தது, எனக்கு ஆறு முழம் வருகிறதே, ஏன்? தையல்காரர் தன் அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு முழத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பலகையில் எழுதட்டும். ஆளுக்கு ஆள் மாறும் அளவை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தால் என்ன சண்டை வரும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். 1956-ல் நாடு ஏன் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டது என்று ஆசிரியர் அப்போது சொன்னால், அது மறக்காது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று மாவு அரைக்கும் அம்மாவுக்கு விகிதம் தெரியும். அதைப் பலகையில் எழுதும் முறையை மட்டும் பள்ளி சேர்த்தால் போதும்.

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு மணி நேரமும், “உங்கள் வேலையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா?” என்று கேட்கும் மரியாதையும் தேவை. அப்பாவின் வேலை கரும்பலகையில் ஏறும் நாளில், அதைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

வீட்டு மொழிக்கு வகுப்பில் வேலை

ஆஸ்டின் டவுனின் அதிகாரபூர்வப் பெயர் கிட்டல் நகர். ஜெர்மனியிலிருந்து வந்து, சுமார் 70 ஆயிரம் சொற்கள் கொண்ட கன்னட - ஆங்கில அகராதியை 1894-ல் வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயர் அது. அவர் பெயரைத் தாங்கும் பகுதியில் ஒரு பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் உருதும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறது. 2015-ல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழி. முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பது நல்லது என்கிறது 2020 தேசிய கல்விக் கொள்கை. ஆனால் அதைத் தனியார் பள்ளிகள் மீது அரசு கட்டாயமாகத் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே கர்நாடக வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி வீட்டோடு நின்றுவிடுகிறது.

“எனக்கு இங்கிலீஷ் வராதே, நான் என்ன சொல்லித்தரப் போறேன்” என்று ஒதுங்கும் அம்மாக்கள் இங்கே நிறைய. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நீங்கள் தமிழில் கதை சொல்லுங்கள். கதை கேட்ட பிள்ளைக்குத்தான் காரணமும் விளைவும், முன்னும் பின்னும், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதும் பிடிபடும். அந்தத் திறன் எந்த மொழிப் பாடத்துக்கும் உதவும். ஓர் அம்மா தமிழில் சொன்ன கதையை ஒரு பிள்ளை கன்னடத்தில் திருப்பிச் சொல்ல, இன்னொன்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத, மற்றொன்று படம் வரைந்தால், ஒரு வாரப் பாடம் தயார். கதை கைவசம் இல்லாதவர்களுக்கு, பெங்களூரில் 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழிலும் கன்னடத்திலும் படக்கதைகளை இலவசமாக வைத்திருக்கிறது. செல்போன் போதும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

பள்ளிகள் முதலில் நேரத்தை மாற்ற வேண்டும். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தினக்கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகிறது. சனிக்கிழமை மாலையோ ஞாயிறு காலையோ வைக்கலாம். கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன்பாகப் பிள்ளை செய்த வேலையைக் காட்டலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாகப் பேசலாம், குறையைக் கூட்டத்துக்கு நடுவில் சொல்லக் கூடாது.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2001 முதலே பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்டங்களில் கழிப்பறை, குடிநீர், சத்துணவு பேசப்படுவது அவசியம்தான். கூடவே, இந்த மாதம் வகுப்பில் எத்தனை கதை சொல்லப்பட்டது, நூலக அலமாரி திறந்திருக்கிறதா, எந்தப் பெற்றோர் வந்து எதைக் காட்டினார் என்பதும் பதிவாக வேண்டும். அரசு தன் பங்குக்கு, ஆசிரியர்களைக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலைகளிலிருந்து முடிந்தவரை விடுவிக்க வேண்டும். மூச்சுவிட நேரமில்லாத ஆசிரியரிடம் படைப்பாற்றலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, “என் பிள்ளை எத்தனை மார்க்?” என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். “என் பிள்ளை வகுப்பில் எதை விரும்பிச் செய்கிறாள்? என்ன கேள்வி கேட்கிறாள்?” என்று முதலில் கேளுங்கள். பிறகு, “எனக்குத் தையல் தெரியும், ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளுக்குக் காட்டட்டுமா?” என்று கேளுங்கள். தையல் இல்லையென்றால் சமையல், ஆட்டோ, எலெக்ட்ரிக் வேலை, கோலம், கால்பந்து, எதுவாகவும் இருக்கட்டும். முதல் முறை தயங்கினாலும் இரண்டாம் முறை பள்ளி சம்மதிக்கும். ஒரு பள்ளியில் ஐந்து பெற்றோர் இந்த ஆண்டு இப்படிக் கேட்டால், அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்க வேண்டியிருக்கும்.